காற்றை அளந்தவர்

திருவிதாங்கூர் நாட்டின் பீர்மேட்டில் 1918ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் அன்னா மணி பிறந்தார். எட்டாம் பிறந்தநாளன்று பெண்மக்களுக்கு வைரத்தோடு அளிப்பது அக்குடும்ப வழக்கம். அவரோ தோட்டை மறுத்துக் கலைக்களஞ்சியத்தைக் கேட்டுப் பெற்றார். ஆயினும் வைரம் அவரை விடவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றபின், பெங்களூரில் சர் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிப்பண்புகளையே ஆராய்ந்தார். ஐந்து ஆய்வுக் கட்டுரைகளையும் வெளியிட்டார். எனினும், முதுகலைப் பட்டம் பெறாதவர் என்பதால் அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது.

அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1945இல் இலண்டன் சென்று வானிலைக் கருவியியல் கற்றார். 1948இல் தாயகம் திரும்பிப் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். எளிய கருவிகளும் அயல்நாட்டிலிருந்து வந்த காலம் அது. ஏறத்தாழ 100 கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை இந்நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார். பிழைபட அளப்பதினும் அளவாதிருத்தலே நன்று என்பது அவர் கொள்கை.

தரையில் அளந்தால் மட்டும் போதாது. உயரே செல்லச் செல்ல வெப்பமும் ஈரமும் காற்றின் திசையும் மாறுகின்றன. எனவே, விமானங்களும் பலூன்களும் கருவிகளைச் சுமந்து மேலே செல்கின்றன. அன்னா மணியும் அவர்தம் குழுவினரும் ஓசோனை அளக்கும் கருவியொன்றை உருவாக்கிப் பலூனில் பறக்கவிட்டனர். அது தான் அளந்ததை வானொலி அலைகள்வழித் தரைக்கு அனுப்பியது.

1963இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் இராக்கெட் ஏவுதளத்தை உருவாக்கிய விக்ரம் சாராபாய், அங்கு வானிலை ஆய்வகம் அமைக்க அன்னா மணியை நாடினார். இராக்கெட்டுக்கும் வானிலைக்கும் என்ன தொடர்பு? அக்கால ஆய்வு இராக்கெட்டுகளை ஏவியபின் திசைதிருத்த இயலாது; காற்று அவற்றின் வழியை மாற்றிவிடும். ஆதலால், வெவ்வேறு உயரங்களில் வீசும் காற்றின் வேகத்தையும் திசையையும் முன்னரே அறிந்து, ஏவும் கோணத்தைத் திருத்தியமைத்தல் வேண்டும். அவ்வளவு பிழைத்தால் இராக்கெட் எங்கு விழும் என்று கூற இயலாது. கருவிகள் பொருத்திய கோபுரம் ஒன்றும் தும்பாவில் எழுந்தது. அவ்வாண்டு நவம்பர் 21 மாலை அங்கிருந்து புறப்பட்ட முதல் இராக்கெட்டின் பணியும் காற்றை அறிவதே. அது உமிழ்ந்த சோடிய ஆவி வானில் செம்மஞ்சள் முகிலாய் ஒளிர்ந்தது. முகில் நகர்ந்த போக்கைக்கொண்டு மிக உயரத்தில் வீசும் காற்றைக் கணித்தனர்.

1976இல் வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றபின்னும் அவர் அளப்பதை நிறுத்தவில்லை. நாடெங்கும் சூரிய ஒளியையும் காற்றின் வேகத்தையும் கணக்கிட்டு நூல்களாக்கினார். காற்றாலைகளை எங்கு நிறுவலாம் எனத் தேர்ந்தெடுக்க அவை துணைநின்றன. திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்த அன்னா மணி, 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் திருவனந்தபுரத்தில் காலமானார்.