ரீமன் கண்ட அலையும் நம் ஊர்ச் சாலையும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., கணிதம்

வறுமையில் வளர்ந்து, நோயில் வாடி, நாற்பது வயது நிறையும் முன்பே மறைந்தும் கணித உலகில் அழியாப் புகழ் பெற்றவர் ஜெர்மானிய மேதை பெர்னார்ட் ரீமன்.

1826 செப்டம்பர் 17 அன்று ஹானோவர் நாட்டின் பிரசெலென்ஸ் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தை எளிய பாதிரியார், பிள்ளைகள் அறுவர். தந்தையின் விருப்பப்படி 1846-ல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயிலச் சேர்ந்தார். உள்ளமோ கணக்கையே நாடியது. தயங்கித் தயங்கித் தந்தையிடம் அனுமதி கேட்டார், அவரும் இசைந்தார். 1851-ல் முனைவர் பட்டம் பெற்றார். 1854-ல் வடிவ கணிதத்தின் அடிப்படை பற்றி அவர் ஆற்றிய உரை, பிற்காலத்தில் ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியலுக்கு வழிகோலியது. ஆயினும் வருவாய் சொற்பமே. 1857-ல் தம்பி இறந்தபின் மூன்று சகோதரிகளைக் காக்கும் பொறுப்பும் அவர் மேல் விழுந்தது. 1859-ல்தான் முழுப் பேராசிரியர் ஆனார்.

1860-ல் காற்றில் செல்லும் வலுவான அலைகள் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒருபுறம் அடர்ந்த காற்று, மறுபுறம் தளர்ந்த காற்று. இரண்டும் திடீரெனச் சந்தித்தால் என்ன நிகழும் என்பதே அதில் அவர் ஆராய்ந்த கேள்வி. இதனால் சோதனை ஆய்வாளர்க்குப் பயன் விளையும் என்று தாம் உரிமை பாராட்டவில்லை என்றும், வகைக்கெழுச் சமன்பாட்டுக் கொள்கைக்கு இது ஒரு பங்களிப்பு மட்டுமே என்றும் அடக்கத்துடன் குறித்தார்.

கணக்குப் படித்து என்ன பயன் என்பது, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த என்னைப் போன்றோர் அன்றாடம் கேட்கும் கேள்வி. ரீமனின் கட்டுரைக்குப் பயன் தெரிய ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. 1955-ல் லைட்ஹில், விதம் இருவரும், 1956-ல் ரிச்சர்ட்ஸும், சாலை வாகனங்களையும் ஓடும் நீர்போலக் கருதிச் சமன்பாடு அமைத்தனர். 1959-ல் சோவியத் அறிஞர் கோதுனோவ், பாய்மங்களின் ஓட்டத்தைக் கணக்கிட ஒரு முறை தந்தார். அதைச் சாலைக்கும் பொருத்தலாம். சாலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வோர் எல்லையிலும் ரீமனின் கேள்வியைத் தீர்த்தால், அங்கே எத்தனை வாகனம் கடக்கும் என்பது கிடைக்கும். அதைக் கூட்டிக் கழித்தால் அடுத்த நொடியின் நிலை தெரியும்.

நமது செம்பட்டிச் சந்திப்பையே எடுத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 20 வாகனங்கள், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன எனில், மணிக்கு 1,200 வாகனங்கள் வந்து சேரும். முன்னே வழி அடைபட்டு, கிலோமீட்டருக்கு 120 வாகனங்கள் நெருக்கி நிற்கின்றன. 1,200-ஐ அடர்த்திகளின் வேறுபாடான 100-ஆல் வகுத்தால் 12. அதாவது வண்டிகள் முன்னோக்கி வந்தாலும், வரிசையின் வால் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகரும். ரீமன் ஆராய்ந்த அதிர்வலை இதுதான்!

காசநோய் முற்றிய ரீமன், 1866 ஜூலை 20 அன்று இத்தாலியின் மஜோரே ஏரிக்கரையில், 39-ஆம் வயதில் உயிர் நீத்தார். மோட்டார் வாகனம் ஒன்றைக்கூட அவர் கண்டதில்லை. விதைத்தவர் உண்ணாத கனியை இன்று நாம் உண்கிறோம். நண்பர்களே, பயன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று படிப்பைக் கைவிடாதிருப்போம்!