சுப்பாராவும் அவர் கண்ட பொருளும்

சென்னைத் திருவல்லிக்கேணியிலே, எமது கல்லூரியைப் போன்று இந்து என்னும் நாமந் தாங்கிய உயர்தர பாடசாலை ஒன்றுண்டு. மெற்றிக்குலேசன் பரீட்சையில் இருமுறை தவறிய தெலுங்கு இளைஞர் ஒருவர், மூன்றாம் முறை அங்கிருந்து தோற்றிச் சித்தியெய்தினார். உயிர்களின் கலங்கள் யாவற்றிலும் தொழிற்படும் ஒரு சேர்வையை உலகிற்கு அறிவித்தவருள் ஒருவராகிய எல்லாப்பிரகட சுப்பாராவ் அவரே. பரீட்சையில் தவறிய மாணவரைக் கடிந்துகொள்ளும் ஆசிரியர்கள் (யானும் அவர்களுள் ஒருவன்) இவ்வரலாற்றை நினைவிற் கொள்ளல் தகும்.

1895 ஆம் ஆண்டு ஜனவரி 12 ஆம் நாள் கோதாவரிப் பகுதியிலுள்ள பீமவரத்தில் அன்னார் பிறந்தார். பதின்மூன்று வயதில், காசி யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்ட எண்ணி வீட்டைவிட்டு ஓடினார். அன்னையார் அவரை மீட்டு வந்து மீண்டும் பள்ளியிற் சேர்த்தார். தந்தையார் மறைந்தபின் நகைகளை விற்றுப் படிப்பித்தவரும் அவ்வன்னையாரே. மாநிலக் கல்லூரியிற் பயிலுங்கால் இராமகிருஷ்ண சங்கத்திற் சேர்ந்து துறவு பூண விழைந்தார். தாயார் இசைந்திலர். எனவே மருத்துவம் பயிலத் தொடங்கினார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்து சத்திரசிகிச்சைக் கூடத்திற்குச் சென்றமையால் ஆங்கிலப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக அதனினுங் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். அக்காலத்திலேயே கிரகணியை ஒத்த ஸ்புரூ என்னும் கழிச்சல் நோய் அவருடைய சகோதரர் இருவரைச் சில நாள் இடைவெளியிற் கொண்டுபோயிற்று. அவரையும் அந்நோய் பற்றியது. ஆயுள்வேத சிகிச்சையால் உயிர் பிழைத்தார்.

1920 களின் தொடக்கத்தில் மனைவியாரைப் பிறந்தகத்தில் விட்டுப் பொஸ்ரன் நகருக்குக் கப்பலேறினார். சில ஆண்டுகளில் மீள்வதாகச் சொல்லிச் சென்றவர் மீளவேயில்லை. அவர் சென்றபின் பிறந்த மகவு ஓராண்டு நிறையுமுன் இறந்தது. பொஸ்ரனில் மருத்துவமனையொன்றில் இரவுப் பணியாளாய் ஊழியஞ் செய்து வயிறு வளர்த்தவாறே ஹாவாட் பல்கலைக்கழகத்திற் பயின்றார்.

அங்கே சைரஸ் பிஸ்க் என்பாருடன் சேர்ந்து, குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பொசுபரசை நிறத்தைக்கொண்டு அளக்கும் முறையொன்றை 1925 இல் வெளியிட்டார். இரசாயன மாணவர் அறிந்த பிஸ்க் - சுப்பாராவ் முறை இதுவே. சிறிய கருவியெனினும் பெரிய கதவைத் திறந்தது. தசை சுருங்குவதற்கு வேண்டிய சக்தியை இலற்றிக்கமிலத்தின் தோற்றத்தோடு இணைத்துக் காட்டியமைக்காக ஹில், மேயர்கோவ் என்னும் இருவரும் 1922 ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றிருந்தனர். 1927 இல் பிஸ்க்கும் சுப்பாராவும் தசையிற் கிரியேற்றின் பொசுபேற்றைக் கண்டனர். தசை இயங்குங்கால் அது சிதைதலும், ஓய்வில் மீளச் சேர்தலும் தெரியவரவே பழைய கொள்கை ஆட்டங்கண்டது. 1929 இல் அடினோசின் முப்பொசுபேற்று வெளிப்பட்டது. அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பாரும் தனித்து அதனைக் கண்டார். மூன்று பொசுபேற்றுத் தொகுதிகள் வாலாய்த் தொடரும் இச்சேர்வை, அவ்வாலின் நுனியை இழக்குந்தோறும் கலத்தின் தொழிலுக்குச் சக்தி உதவுகிறது.

இத்துணை செய்தும் ஹாவாட்டில் அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. அவ்வாய்வுகூடத்திற் பயின்று பின்னர் 1988 இல் நோபெல் பரிசு பெற்ற ஜோர்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்கள் உரிய காலத்தில் வெளிவராமையால், பிறர் பல்லாண்டு கழித்து அவற்றை மீளக் கண்டனர் என்று கூறியுள்ளார். 1940 இல் லெடர்லி ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். அவர் வழிநடத்திய குழுவினர் 1945 இல் போலிக்கமிலத்தைச் செயற்கையாய் ஆக்கினர். அது ஸ்புரூ நோய்க்கும் மருந்தாயிற்று. சகோதரரைக் காவாத மருந்து, கால் நூற்றாண்டின்பின் அவர் கைவழியே வந்தது! போலிக்கமிலத்தின் பகைப்பொருளாகிய அமினோப்ரெரின் கொண்டு சிட்னி பார்பர் குழந்தைகளின் வெண்குருதிப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணித்தார். யானைக்கால் நோய்க்கான டைஎதில்காபமசீனும் 1947 இல் அங்கிருந்தே வந்தது. அம்மருந்தையும் வழங்கியே இலங்கை அந்நோயை ஒழித்தது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் அதனை உறுதிசெய்தது.

1948 ஓகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் மாரடைப்பால் மறைந்தார்.

அவர் கண்ட பொருளின் மற்றொரு தொழில் அதன்பின்னரே முழுதும் துலங்கிற்று. அடினோசின் இதயத்துடிப்பைத் தாழ்த்தும் என்பதை 1929 இலேயே கேம்பிரிட்ஜில் துரூரியும் சென்ற் ஜோர்ஜியும் கண்டிருந்தனர். அதே 1929 இல் இலண்டனிற் பிறந்த ஜெவ்ரி பேர்ன்ஸ்ரொக், மெல்பேணில் ஆய்வு நடாத்தி, நரம்பு நுனிகள் அடினோசின் முப்பொசுபேற்றைத் தூதுப்பொருளாக வெளிவிடுகின்றன என 1972 இல் எழுதினார். அறிஞர் பலர் நகைத்தனர். கலத்தின் செல்வத்தைக் கலமே வெளியே வீசுமோ என்பது அவர்கள் வினா. ஆயின் கலங்களின் மேற்பரப்பில் அத்தூதை ஏற்கும் வாங்கிகள் உள்ளன. 1978 இல் அடினோசினை ஏற்பவற்றைப் பி1 என்றும், பொசுபேற்று வாலுடையவற்றை ஏற்பவற்றைப் பி2 என்றும் பேர்ன்ஸ்ரொக் வகுத்தார். 1990 களில் அவற்றின் மரபணுக்கள் பிரித்தெடுக்கப்பட்டபின் நகைப்பு ஓய்ந்தது. காயமுற்ற கலத்தினின்று கசியும் அப்பொருள் நோவுணர்வைத் தூண்டுவதும், மட்டுமீறி விரையுஞ் சிலவகை இதயத்துடிப்பை அடினோசின் ஊசி அடக்குவதும் இவ்வாங்கிகளின் வழியே. பரீட்சைக் காலத்தில் கோப்பி குடித்து விழித்திருந்த பழைய மாணவர் அனைவரும், அடினோசின் வாங்கிகளைக் கபீனால் அடைத்தவர்களே.

குருதிச் சிறுதட்டுக்களின் மேலும் பி2வை12 என்னும் வாங்கி ஒன்றுண்டு. முப்பொசுபேற்று ஒரு பொசுபேற்றை இழந்து எஞ்சும் அடினோசின் இருபொசுபேற்று அதனைத் தொடுமாயின் சிறுதட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும். இதய நாடியில் அவை கட்டியாய்த் திரளுதலே பெரும்பாலான மாரடைப்புக்குக் காரணம். அவ்வாங்கியை அடைக்கும் குளோப்பிடோகிரல் மாத்திரை, சுப்பாராவ் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டின்பின், 1997 இலேயே நோயாளருக்குக் கிடைத்தது.