தொத்திறைச்சி நஞ்சைத் தன் நாவிலேயே சோதித்த கவிஞர்

ஜெர்மானியர்களுக்கு யுஸ்டினுஸ் கெர்னர் ஒரு கவிஞர். அவர் கவிதைகளுக்கு ஷூமன் இசையமைத்தார். ஒரு திராட்சை வகைக்கே அவர் பெயர் இருக்கிறது. பேரங்காடியில் சோசேஜ் பாக்கெட்டை நம்பி எடுக்கும் நமக்கோ அவர் மருத்துவராகத்தான் முக்கியமானவர்.

1786இல் லுட்விக்ஸ்புர்க் நகரில் பிறந்த கெர்னர், தந்தை இறந்தபின் துணி ஆலையில் வேலை பழகினார். பிறகுதான் டூபிங்கனில் மருத்துவம் படிக்க வழி பிறந்தது. மனநலம் குன்றியிருந்த பெருங்கவிஞர் ஹோல்டர்லினை மாணவப் பருவத்திலேயே கவனித்துக்கொண்டவர் அவர்.

அக்காலத்தில் வூர்ட்டம்பெர்க் மக்களை ஒரு மர்ம நோய் வாட்டியது. 1793இல் வில்ட்பாட் என்ற ஊரில், பன்றியின் இரைப்பையில் இரத்தத்தை அடைத்துச் செய்த பண்டத்தைச் சாப்பிட்ட 13 பேர் நோயுற்று, 6 பேர் மாண்டனர். நெப்போலியன் போர்களால் வறுமை முற்றியபோது இத்தகைய சாவுகள் பெருகின. ஏழைக்குக் கிடைத்த இறைச்சியை வீணாக்க மனம் வருமா?

அரசு மருத்துவராகப் பணியாற்றிய கெர்னர், பாதிக்கப்பட்டவர்களின் விவரங்களைத் திரட்டினார். 1820இல் வெளியிட்ட நூலில் 76 பேர். 1822இல் 155 பேர். இமை தொங்கும், பார்வை மங்கும், வாய் வறளும், தண்ணீர்கூட விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். கொடுமை என்னவென்றால், அதுவரை நினைவு மட்டும் தப்பாது.

பூனை, முயல், தவளை என்று விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர், ஒரு நாள் கெட்ட தொத்திறைச்சியின் சாற்றைச் சில துளிகள் தன் நாவிலேயே விட்டுக்கொண்டார். வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் இருந்தனர். புளிப்புச் சுவை; பின்னர் வாயும் தொண்டையும் வறண்டன. துணிச்சல் என்பதா, அசட்டுத்தனம் என்பதா? எப்படியோ பிழைத்தார்.

இந்த நஞ்சு காற்றுப் புகாத இடத்தில் உண்டாகிறது, நரம்புகளைத் தாக்குகிறது, துளி அளவே கொல்லும் என்று அவர் எழுதினார். நெடுநேரம் வேகவையுங்கள், கெட்டதை எறியுங்கள் என்பது அவர் அறிவுரை. கொழுப்பிலிருந்து பிறக்கும் அமிலமே நஞ்சு என்று நினைத்ததில் மட்டும் சறுக்கினார். கிருமிகளே நோய்க்குக் காரணம் என்பது நிலைபெறாத காலம் அது.

முதுமையில் பார்வை மங்க, தாளில் சிந்திய மைக்கறைகளை மடித்து உருவங்களாக்கி, அவற்றுக்குக் கவிதை எழுதினார். 1862இல் வைன்ஸ்பெர்க் நகரில் மறைந்தார்.

1895இல் பெல்ஜியத்தின் எல்செல் கிராமத்தில், இறுதிச் சடங்குக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் உப்பிட்ட பன்றித்தொடையைச் சாப்பிட்டுச் சரிந்தனர், மூவர் இறந்தனர். அதை ஆராய்ந்த வான் எர்மெங்கம் கிருமியைக் கண்டுபிடித்தார். தொத்திறைச்சிக்கான லத்தீன் சொல்லிலிருந்தே அதற்குப் பாட்டுலினம் என்ற பெயர் வந்தது.

கொதிநீரில் நஞ்சு அழியும். கிருமியின் வித்துகள் அழியா. அதனால்தான் டின் இறைச்சியை அழுத்தத்தில் சுமார் 121 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். சோசேஜில் வித்துகள் முளைக்காதபடி நைட்ரைட்டும் உப்பும் சேர்த்து, குளிரில் வைக்கிறார்கள்.

மிகச் சிறிய அளவில் இதே நஞ்சு மருந்தாகலாம் என்றும் கெர்னர் கணித்திருந்தார். 1989இல் மாறுகண்ணுக்கும் இமை இழுப்புக்கும் அதை ஊசியாகப் போட அமெரிக்கா அனுமதித்தது.