தொண்டையில் ரணம்... முகத்தில் சிரிப்பு!

உங்கள் வீட்டுப் பூஜை அறையிலும் அந்தப் படம் இருக்கலாம். சம்மணமிட்டு அமர்ந்து, கைகளை மடியில் கோத்து, கண்கள் பாதி மூடியிருக்க, உதட்டோரம் சின்னதாக ஒரு புன்னகையோடு இருப்பாரே... பகவான் ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்சர்! அவருக்கு நோய் வருவதற்கு முன்பு எடுத்த படம் அது. தொண்டையில் புற்றுநோய் வந்து, ஒரு வாய்க் கஞ்சி விழுங்க முடியாமல் தவித்தபோதும் அந்தப் புன்னகை அவரை விட்டுப் போகவில்லை.

அவரைத் துறவி என்றே நாம் நினைக்கிறோம். தோதாபுரி என்ற மகானிடம் சந்நியாச தீட்சை பெற்றவர்தான். ஆனாலும் வீட்டைத் துறந்து ஊர் ஊராகப் போனவர் இல்லை. கல்கத்தாவுக்கு வடக்கே, கங்கைக் கரையில் உள்ள தட்சிணேஸ்வரம் காளி கோயில் வளாகத்தில் பெற்ற தாய், கட்டிய மனைவி, அண்ணன் பிள்ளைகள் என்று சொந்தபந்தங்களோடுதான் வாழ்ந்தார். தாயார் சந்திரமணி தேவி 1876-ல் கண்மூடும் வரை, மகனின் பார்வையில் இருந்தார்.

மனைவி சாரதாதேவியார் தங்கியிருந்தது, நகபத் எனும் மேளக் கட்டடத்தின் கீழ் அறையில். நம் வீட்டு ஸ்டோர் ரூம் அளவுதான் இருக்கும். சமையல் சாமான், உறியில் தொங்கும் பானைகள், படுக்கை எல்லாம் அதற்குள்ளேயே! அண்ணன் மகள் லட்சுமியும் அவருடன் இருந்தாள். பக்தர்கள் பழம், இனிப்பு கொண்டு வந்தால், கூண்டில் இருக்கும் கிளிகளுக்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டு வா என்று அண்ணன் மகன் ராம்லாலிடம் சொல்வார் குருதேவர். புதிதாக வந்தவர்கள் நிஜமாகவே கிளி வளர்க்கிறார் போலும் என்று நினைத்துக்கொள்வார்களாம்! குறும்பும் கரிசனமும் அவரிடம் சேர்ந்தே இருந்தன. பஞ்சவடியில் சீதாப்பிராட்டியின் தரிசனம் கிடைத்தபோது, தேவியின் கையில் கண்ட வளையல்களைப் போலவே தங்கத்தில் செய்யச் சொல்லி மனைவிக்கு அணிவித்தவர் அவர். அந்த வளையல்களை நினைவில் வையுங்கள். பின்னால் வரும்.

1885-ம் வருடம், கோடை. தொண்டையில் வலி என்றார். நாள் முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் பேசிப் பேசி வந்த வலி என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். வலி ரத்தப்போக்காக மாறியதும் அக்டோபரில் கல்கத்தா சியாம்புகூர் தெருவில் ஒரு வாடகை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வைத்தியம் பார்க்க வந்தவர், அந்த நகரின் புகழ்பெற்ற டாக்டர் மகேந்திரலால் சர்க்கார். விஞ்ஞான ஆராய்ச்சிக்காகவே 1876-ல் ஒரு சங்கத்தை நிறுவியவர். அவதாரம், அற்புதம் என்றால் லேசில் ஒப்புக்கொள்ளாதவர். நோயாளி பேசவே கூடாது என்று கண்டிப்பாக உத்தரவு போட்டார். ஆனால், என்ன வேடிக்கை பாருங்கள்... மற்ற நோயாளிகளைக் காக்க வைத்துவிட்டு, மணிக்கணக்கில் அவரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததும் அதே டாக்டர்தான்!

நோய் புற்றுநோய் என்பது தெளிவாயிற்று. ரேடியேஷனும் கீமோதெரபியும் இல்லாத காலம். இன்று ஆஸ்பத்திரியில் உடனே கிடைக்கும் வலி நிவாரணம் அன்று இல்லை. ஆனாலும் குருதேவர் மருந்தை ஒதுக்கவில்லை. கொடுத்ததைக் குடித்தார், பத்தியம் இருந்தார், மாற்று வைத்தியர்கள் வந்தபோதும் குழந்தை போலத் தொண்டையைக் காட்டினார். தெய்வம் பார்த்துக்கொள்ளும், வைத்தியம் எதற்கு என்று அவர் சொல்லவில்லை. இதை நம்மில் சிலர் கவனிக்க வேண்டும்.

சியாம்புகூர் வீட்டில் பெண்களுக்கென்று தனி இடம் கிடையாது. இருந்த ஒரே குளியலறை எல்லோருக்கும் பொது. கூச்ச சுபாவம் கொண்ட அன்னை சாரதாதேவியார் விடியற்காலை 3 மணிக்கு முன்பே எழுந்து நீராடிவிட்டு, மொட்டை மாடிப் படிக்கட்டின் அருகே இருந்த சின்ன மறைவிடத்துக்குப் போய்விடுவார். பகல் முழுக்க அங்கேதான் சமையல், ஜபம் எல்லாம். இரவு எல்லோரும் உறங்கிய பிறகுதான் இறங்கி வருவார். கணவருக்கு என்ன வலித்தது, எவ்வளவு இறங்கியது என்பதைக்கூட மற்றவர் சொல்லித்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்த நாட்கள் உண்டு. மருத்துவமனை வராந்தாவில் பிளாஸ்க்கோடு காத்திருந்த அனுபவம் உள்ள உங்களில் பலருக்கு, அந்த மனம் எப்படித் தவித்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

1885 டிசம்பர் 11. நல்ல காற்று வேண்டும் என்பதால் காசிப்பூர் தோட்ட வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். வாடகை மாதம் 80 ரூபாய். சுரேந்திரநாத் மித்ரா என்ற பக்தர் அதை ஏற்றுக்கொண்டார். நரேந்திரன், அதாவது பிற்காலத்தின் சுவாமி விவேகானந்தர் உட்பட இளைஞர்கள் முறை வைத்துக்கொண்டு பணிவிடை செய்தார்கள். 1886 ஜனவரி 1-ம் தேதி, உடம்பு சற்றுத் தேறி, தோட்டத்தில் உலாவ இறங்கி வந்த குருதேவர், எதிரே நின்ற இல்லற பக்தர்களைத் தொட்டுத் தொட்டு ஆசீர்வதித்தார். கல்பதரு நாளாக இன்றும் கொண்டாடப்படுகிறதே, அந்த நாள்தான் இது.

ஆனால், எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொரு சம்பவம். மாடியில் இருந்த கணவருக்காகப் பெரிய பாத்திரத்தில் இரண்டரை சேர் பாலை ஏந்திக்கொண்டு படியேறிய அன்னை, தலைசுற்றி விழுந்துவிட்டார். பால் முழுக்கக் கொட்டிப் போயிற்று. கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. 3 நாட்கள் படியேற முடியவில்லை. அதுவரை உணவூட்டியது அன்னைதானே... இனி யார் ஊட்டுவது? குருதேவர் பாபுராம் என்ற இளம் சீடரை அருகே அழைத்தார். மூக்கருகே விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். அன்னை அணிந்திருந்த மூக்கு வளையத்துக்கு அடையாளம் அது! அந்த அம்மாளை ஒரு கூடைக்குள் உட்கார வைத்துத் தலையில் சுமந்துகொண்டு மேலே வா என்பதுபோல் சைகை செய்தாராம். பாபுராமும் நரேந்திரனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மனைவி விழுந்த கவலையையும் பிள்ளைகள் முகத்து வாட்டத்தையும் ஒருசேர அப்படித்தான் அவர் போக்கினார்.

குணமாக வேண்டும் என்று காளியிடம் கேளுங்கள் என நரேந்திரன் மன்றாடினார். தமக்காக எதையும் கேட்டுப் பழகாதவர், பிள்ளைகளின் கண்ணீருக்காகக் கேட்டார். தொண்டை வலியால் சாப்பிட முடியவில்லை, கொஞ்சம் சாப்பிட வழி செய் என்று வேண்டினாராம். அத்தனை பேரையும் காட்டி, இத்தனை வாய்களால் நீ சாப்பிடுகிறாயே என்று அம்பாள் கேட்டுவிட்டாள். வெட்கத்தில் அதற்கு மேல் ஒன்றும் கேட்க முடியவில்லை என்றார் குருதேவர்.

அன்னை மட்டும் விடவில்லை. தாரகேஸ்வரம் சிவன் சந்நிதியில் அன்ன ஆகாரமின்றி 2 நாட்கள் கிடந்தார். இரவில், அடுக்கி வைத்த பானைகள் உடைவதுபோல் ஒரு சத்தம். யாருக்கு யார் கணவர், யாருக்காக உயிரை விடப் பார்க்கிறேன் என்று மனத்தில் சட்டென ஒரு வைராக்கியம் தோன்றியது. எழுந்து, நீரை முகத்தில் தெளித்துக்கொண்டு திரும்பிவிட்டார். போன காரியம் என்ன ஆயிற்று என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம் கணவர். ஒன்றும் நடக்காது என்பது அவருக்கு முன்பே தெரியும்!

1886 ஆகஸ்ட் 15. அன்று அன்னை சமைத்த கிச்சடி அடி பிடித்தது. கை நழுவித் தண்ணீர்ப் பானை உடைந்தது. மாடியில் உலர்த்திய புடவையைக் காணவில்லை. நள்ளிரவு தாண்டி 1 மணிக்குப் பிறகு, அதாவது 16-ம் தேதி, குருதேவர் மகாசமாதி அடைந்தார். வயது 50.

அன்றைய வழக்கப்படி அன்னை தம் நகைகளைக் கழற்றலானார். சீதையின் வளையல் சாயலில் செய்த அந்த வளையல்களில் கை வைத்தபோது, நோய்க்கு முந்தைய திருமேனியோடு குருதேவர் தோன்றி, அந்தக் கையைப் பற்றினார். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவது போன்றதுதான் இது என்று உணர்த்தினார். அன்னை வளையல்களைக் கழற்றவில்லை. 1920-ல் முக்தி அடையும் வரை, சிவப்புக் கரையிட்ட புடவையும் வளையலுமாகவே வாழ்ந்தார். 1911-ல் ராமேஸ்வரம் வந்து, 108 தங்க வில்வ தளங்களால் ராமநாத சுவாமியை அர்ச்சித்ததும் அந்தக் கைகள்தான்.

அந்த யாத்திரைக்கு ஏற்பாடு செய்தவர், சென்னையில் ராமகிருஷ்ண மடத்தை ஏற்படுத்திய சுவாமி ராமகிருஷ்ணானந்தர். சசி என்ற பெயரில் காசிப்பூரில் இரவும் பகலும் குருவுக்கு விசிறியவர். 1897-ல் சென்னைக்கு வந்தார். கோடை இரவுகளில் புழுக்கம் தாங்காமல் விழித்துக்கொண்டால், குருதேவருக்கும் வியர்க்குமே என்று பூஜை அறைக்குப் போவார். விசிறியை எடுத்துக்கொண்டு, அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்று வீசிக்கொண்டிருப்பார்.