சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

கோலசிலாங்கூரிலிருந்து ஈஜோக் வழியாகக் கோலாலம்பூருக்குச் செல்லும் பழைய சாலையின் இருபுறமும் செம்பனைத் தோட்டங்களைக் காணலாம். அச்சாலை சுங்கை பூலோவைக் கடந்து செல்கிறது. அங்குத்தான் 1930ஆம் ஆண்டில் தொழுநோயாளிகளுக்கான பெரிய குடியிருப்பு ஒன்று அமைக்கப்பட்டது. நோய் கண்டவர்கள் குடும்பத்தைப் பிரிந்து அங்கே வாழ வேண்டியிருந்தது. பின்னாளில் நல்ல மருந்து வந்து நோய் குணமானது. ஆயினும், பலருடைய விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. மடங்கிய விரல்களால் ரப்பர் மரம் சீவும் கத்தியைப் பிடிக்க முடியாது. சோற்றைப் பிசைந்து உண்பதும் கடினம்.

அத்தகைய கைகளை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையைத் தமிழ்நாட்டின் வேலூரில் ஒரு பெண் மருத்துவர் செய்துவந்தார். விரல்களை நிமிர்த்திய அவரால் எழுந்து நிற்க முடியாது. அவர்தாம் டாக்டர் மேரி வர்கீஸ்.

மேரி 1925ஆம் ஆண்டு கேரளத்தின் கொச்சிப் பகுதியில் பிறந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். பெண்களுக்கான மருத்துவத்தில் சிறப்புத் தேர்ச்சி பெற வேண்டும் என்பது அவருடைய விருப்பம். 1954ஆம் ஆண்டு ஜனவரியில் இளம் மருத்துவர்கள் சிலருடன் அவர் உல்லாசப் பயணம் சென்ற வாகனம் விபத்துக்குள்ளானது. அவருடைய முகத்தில் ஆழமான காயங்கள் ஏற்பட்டன. அதைவிடக் கொடிய காயம் முதுகுத் தண்டுவடத்தில் ஏற்பட்டிருந்தது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை.

அப்போது மேரிக்கு வயது இருபத்தெட்டு. நேற்றுவரை நோயாளிகளின் படுக்கையருகே நின்றவர், இன்று அதே மருத்துவமனையில் பிறர் புரட்டிவிடும் நோயாளியாகக் கிடந்தார். கால்கள் இனி அசையா என்ற உண்மையை ஏற்பதற்கு அவருக்குக் காலம் பிடித்தது. நடக்க முடியாதவர் மருத்துவராக இருக்க முடியுமா என்ற கேள்விக்கு அன்றைய இந்தியாவில் எவரிடமும் பதில் இல்லை. தண்டுவடக் காயம் அடைந்தவர்களையும், மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் போன்ற நரம்பு நோய்க்கு ஆளானவர்களையும் உடல் வலியோடு மனச்சோர்வும் தாக்குவதுண்டு. செய்துவந்த வேலையும் கைவிட்டுப் போனால் அச்சோர்வு இன்னும் ஆழமாகும். மேரியும் அந்த இருளைக் கடந்தே வந்தார்.

அவருக்கு வழிகாட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பெற்றோருக்குக் கொல்லிமலையில் பிறந்த இவர், தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவைச் சிகிச்சையில் முன்னோடி. கை அறுவைச் சிகிச்சையை அமர்ந்தபடியே செய்யலாம் என்பதை எண்ணிப் பார்த்த பிராண்ட், மேரியை அத்துறைக்கு அழைத்தார். அறுதல் வார்த்தைகளைவிட இந்த அழைப்பே மேரிக்கு அன்று தேவையாக இருந்தது எனலாம்.

அப்பணி எளிதன்று. செயலிழந்த தசையின் வேலையைச் செய்வதற்கு, நன்றாக இயங்கும் வேறொரு தசையின் நாணை எடுத்து விரலோடு இணைக்க வேண்டும். நுணுக்கமான அந்த வேலைக்கு நெடுநேரம் பிடிக்கும். மேரிக்கோ நேராக உட்காருவதே முதலில் போராட்டமாக இருந்தது. மன உறுதி இருந்தால் எல்லாம் முடியும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சக்கர நாற்காலிக்கு ஏற்ற உயரத்தில் மேசை வேண்டாவா? அறைக்குள் நாற்காலி நுழையும் அளவுக்கு வாசல் வேண்டாவா? நாற்காலியில் ஏற்றி இறக்க ஆட்கள் வேண்டாவா? மேரியிடம் உறுதி இருந்தது. உடன் பணிபுரிந்தவர்கள் மற்றவற்றுக்குத் துணைநின்றனர்.

மேரிக்கும் அவருடைய நோயாளிகளுக்கும் இடையே வியப்பான ஓர் ஒற்றுமை இருந்தது. தொழுநோய் நரம்புகளைக் கெடுப்பதால் கையில் வலி தெரிவதில்லை. சூடான பாத்திரத்தைத் தொட்டாலும் உணராமல் புண்ணாகிவிடும். மேரிக்கோ கால்களில் உணர்ச்சி இல்லை. ஒரே நிலையில் நெடுநேரம் அமர்ந்தால், வலி தெரியாமலேயே தோல் அழுந்திப் புண்ணாகும். அதனால், அவ்வப்போது கைகளை ஊன்றி உடலை உயர்த்திக்கொள்ள வேண்டும். வலி இல்லாத உடலை எப்படிக் காப்பது என்பதை மேரி தம் உடலிலிருந்தே கற்றார்.

பின்னர், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தம் தேவைகளைத் தாமே கவனித்துக்கொள்ளும் பயிற்சியைப் பெற்றார். உடையணிவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது எனச் சிறு செயல்கள் ஒவ்வொன்றையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. அடுத்து, நியூயார்க் சென்று டாக்டர் ஹோவர்டு ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். தாயகம் திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமையேற்றார். 1966ஆம் ஆண்டில் நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையம் அங்குத் திறக்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய நிலையங்களுக்கு அதுவே முன்னோடி.

மரத்திலிருந்து விழுந்தவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள், சாலை விபத்தில் சிக்கியவர்கள் எனத் தண்டுவடக் காயத்துடன் வேலூருக்கு வந்தவர்களுள் பலர் உழைத்துப் பிழைக்கும் எளிய மக்கள். நம் தோட்டப்புறங்களில் ஏணியிலிருந்தோ லாரியிலிருந்தோ விழுந்து முடங்கியவர்களைப் போன்றவர்களே அவர்கள். ஊருக்குத் திரும்பியபின் என்ன வேலை செய்வோம் என்பதே அவர்களின் பெருங்கவலை. சக்கர நாற்காலியில் வந்து தங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரை அவர்கள் அங்கே கண்டனர்.

1972ஆம் ஆண்டு இந்திய அரசு மேரி வர்கீஸுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவர் 1986ஆம் ஆண்டு காலமானார். அவர் உருவாக்கிய மறுவாழ்வு நிலையம் வேலூரின் பாகாயத்தில் இன்றும் இயங்கிவருகிறது.