அஞ்சு ரிமோட், ஒரே கேள்வி: 1898-லேயே விடை தேடிய நிகோலா டெஸ்லா

டீபாய் மேல டிவி ரிமோட், செட்டாப் பாக்ஸ் ரிமோட், சவுண்ட்பார் ரிமோட், ஏசி ரிமோட் என்று வரிசையாகக் கிடக்கும். அவசரத்துக்கு எது எதற்கென்று தெரியாமல் மாற்றி மாற்றி அமுக்குவோம். ஆனால் ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? ஏசி ரிமோட்டை எத்தனை தடவை அமுக்கினாலும் டிவி அசைந்துகூடக் கொடுக்காது. தனக்கு வந்த உத்தரவு எது, அடுத்த பெட்டிக்குப் போக வேண்டியது எது என்று அதற்குத் தெரிகிறது. எப்படி?

இந்தக் கேள்வியோடு 125 வருஷத்துக்கு முன்பே மல்லுக்கட்டியவர் நிகோலா டெஸ்லா. இன்று அவர் பெயரைச் சொன்னால் பலருக்குக் கார்தான் ஞாபகம் வரும். நாம் சோபாவில் சாய்ந்தபடி சேனல் மாற்றுவதற்கும் அவருக்கும் உள்ள தொடர்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

காலரா கொடுத்த வாய்ப்பு

1856 ஜூலை 10-ம் தேதி ஸ்மில்யான் என்ற கிராமத்தில், ஒரு செர்பியக் குடும்பத்தில் பிறந்தார் டெஸ்லா. இன்று குரோஷியாவில் இருக்கும் அந்த ஊர், அன்று ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தது. அப்பா மிலுட்டின், கிறிஸ்தவப் பாதிரியார். மகனும் தன் வழியில் வர வேண்டும் என்பது அவர் ஆசை. அம்மாவோ வீட்டு வேலைக்கு வேண்டிய கருவிகளைத் தன் கையாலேயே செய்துகொள்ளும் கெட்டிக்காரி. கண்டுபிடிக்கும் புத்தி அம்மாவிடமிருந்து வந்தது என்று டெஸ்லா கடைசிவரை நம்பினார்.

பதின்வயதில் காலரா வந்து படுத்த படுக்கையானார். பிழைத்தால் இன்ஜினீயரிங் படிக்க அனுப்புவதாக அப்பா அப்போது வாக்குக் கொடுத்தார். பையன் பிழைத்தான். கிராஸ் நகரக் கல்லூரியில் சேர்ந்தாலும் பட்டம் வாங்காமலே வெளியேறினார்.

1884-ல் நியூயார்க் வந்து இறங்கி எடிசன் நிறுவனத்தில் சில மாதங்கள் வேலை பார்த்தார், பிறகு விலகினார். சொந்தமாகத் தொடங்கிய கம்பெனியிலும் கூட்டாளிகள் கைவிட, பள்ளம் தோண்டும் கூலி வேலைக்குப் போய் வயிற்றைக் கழுவினார். 1888-ல் அவருடைய மாறுமின்சார மோட்டார் காப்புரிமைகளை வெஸ்டிங்ஹவுஸ் வாங்கியதும் நிலைமை தலைகீழானது. 1896-ல் நயாகரா அருவியின் மின்சாரம் பஃபலோ நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் உலகப் புகழ் பெற்றிருந்தார். அதற்கு முந்தைய வருஷம் அவருடைய ஆய்வுக்கூடம் தீயில் கருகியிருந்தது. அந்த இழப்பிலிருந்து எழுந்து வந்துதான் ரிமோட் வேலையில் இறங்கினார்.

ஆள் இல்லாத படகு

1898-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் சில அடி நீளமுள்ள இரும்புப் படகு. டெஸ்லா கொஞ்ச தூரத்தில் ஒரு பெட்டியோடு நிற்கிறார். நடுவில் ஒயர் எதுவும் கிடையாது. அவர் கைப்பிடியைத் திருப்ப, படகு இடம் வலம் திரும்பியது, விளக்குகள் எரிந்து அணைந்தன. கூட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே பழக்கப்படுத்திய குரங்கு உட்கார்ந்திருக்கிறது என்றுகூடச் சிலர் நினைத்தார்களாம்.

மந்திரம் ஒன்றுமில்லை. படகுக்குள் பேட்டரி, மோட்டார்கள், கூடவே உலோகத் துகள் நிரப்பின ஒரு சின்னக் குழாய். சாதாரணமாக அந்தத் துகள்கள் மின்சாரத்தை எளிதில் விடாது. ரேடியோ அலை பட்டதும் வழிவிடும். ஒவ்வொரு அலைத் துடிப்புக்கும் உள்ளே ஒரு சக்கரம் ஒரு படி நகரும். சக்கரம் எந்தப் படியில் நிற்கிறதோ அதைப் பொறுத்துச் சுக்கான் திரும்பும், அல்லது நேராக நிற்கும். டார்ச்லைட்டில் ஒரே பட்டனை அமுக்க அமுக்க வெளிச்சம் கூடுவது, குறைவது, மினுக்குவது என்று மாறுகிறதே, கிட்டத்தட்ட அதே உத்தி.

1898 நவம்பர் 8-ம் தேதி இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. எண் 613,809.

யார் குரலுக்குக் கட்டுப்படுவது?

படகை ஓட்டியாகிவிட்டது. ஆனால் பெரிய சிக்கல் அதற்கப்புறம்தான். அலை காற்றில் எல்லாப் பக்கமும் பரவுகிறது. பக்கத்தில் இன்னொருவர் அலை அனுப்பினால் படகு அதற்கும் ஆடும். எதிரி அனுப்பினால்? உத்தரவு போடுவது சுலபம். தன் எஜமானனுக்கு மட்டும் கட்டுப்படும் இயந்திரத்தைச் செய்வதுதான் கஷ்டம்.

டெஸ்லா கண்ட வழி நம்ம பேங்க் லாக்கர் மாதிரி. வாடிக்கையாளர் சாவியும் பேங்க் சாவியும் சேர்ந்தால்தானே லாக்கர் திறக்கும்? அதேபோல வெவ்வேறு அதிர்வெண் கொண்ட இரண்டு அலைகள் சேர்ந்து வந்தால்தான் கருவி வேலை செய்யும்படி வடிவமைத்தார். ஒன்று மட்டும் வந்தால் கருவி கண்டுகொள்ளாது. 1900-ல் விண்ணப்பித்த இந்த யோசனைக்கு 1903-ல் இரண்டு காப்புரிமைகள் கிடைத்தன.

சிரித்த அதிகாரி

ஆள் இல்லாத ஆயுதம் வந்தால் எந்த நாடும் சண்டைக்குத் துணியாது, போரே ஒழிந்துவிடும் என்று டெஸ்லா நம்பினார். அந்த நம்பிக்கையோடு வாஷிங்டனுக்குப் போய் அரசாங்கத்திடம் சொன்னபோது, அதைக் கேட்ட அதிகாரி சிரித்துவிட்டதாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அடுத்து உலகம் முழுக்க ஒயர் இல்லாமல் செய்தி அனுப்பும் கனவோடு, லாங் ஐலண்டில் வார்டன்கிளிஃப் கோபுரத்தைக் கட்டத் தொடங்கினார். வங்கியாளர் ஜே.பி.மார்கன் கொடுத்த 1,50,000 டாலர் போதவில்லை. அதற்கு மேல் கொடுக்க அவர் மறுத்துவிட்டார். 1915-ல் ஹோட்டல் பாக்கிக்காக அந்த இடமே கைவிட்டுப் போனது. அதே வருஷம் நவம்பரில் படகுக் காப்புரிமையின் 17 வருஷக் கெடுவும் முடிந்தது. இனி யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், டெஸ்லாவுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கடைசிக் காலத்தில் நியூயார்க்கர் ஹோட்டலின் 3327-ம் எண் அறையில், புறாக்களுக்குத் தீனி போட்டபடி தனியாக வாழ்ந்தார். வாடகையைக் கட்டியது வெஸ்டிங்ஹவுஸ். 1943 ஜனவரி 7-ம் தேதி, 86 வயதில் அந்த அறையிலேயே இறந்துகிடந்தார்.

வெயில் மாற்றிய சேனல்

அவர் எழுப்பிய கேள்வி மட்டும் சாகவில்லை. 1955-ல் ஜெனித் நிறுவனம் ஒளியைப் பாய்ச்சி டிவியை இயக்கும் ரிமோட்டைக் கொண்டுவந்தது. ஜன்னல் வழியாக வெயில் பட்டாலே சேனல் மாறியது! மறு வருஷம் காதுக்குக் கேட்காத மீயொலியில் இயங்கும் ரிமோட் வந்தது. சாவிக்கொத்து குலுங்கினால்கூட டிவி அதை உத்தரவாக எடுத்துக்கொள்ளும். ஒற்றை அடையாளத்தை நம்பினால் இதுதான் கதி.

இன்றைய ரிமோட் அகச்சிவப்புக் கதிரில் பேசுகிறது. முனையில் இருக்கும் எல்இடி, பெரும்பாலும் நொடிக்கு 38,000 தடவை துடிக்கும் ஒளியை விட்டு விட்டு அனுப்பும். அந்த இடைவெளிகள்தான் எழுத்து. பரவலாகப் புழங்கும் ஒரு முறையில், முதலில் எந்தக் கருவிக்கு என்ற முகவரி, பிறகு என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை. இரண்டும் பொருந்தினால்தான் கருவி அசையும். இங்கேயும் லாக்கர் கதைதான்.

அப்போ எல்லா ரிமோட்டின் வேலையையும் ஒன்றே செய்யும் லேர்னிங் ரிமோட்? அதற்கு எந்த மொழியும் தெரியாது. பழைய ரிமோட்டின் முனையை அதன் முகத்துக்கு நேராகச் சில சென்டிமீட்டர் தள்ளி வைத்து, லேர்ன் பட்டனை அமுக்கி, எந்தப் பட்டனில் பதிய வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்து, பழைய ரிமோட்டில் வால்யூமை அமுக்கினால் போதும். ஒளி எவ்வளவு நேரம் எரிந்தது, எவ்வளவு நேரம் அணைந்தது என்று அளந்து, அப்படியே மனப்பாடம் செய்து ஒப்பிக்கும். பேட்டரி புதுசாக இருக்கட்டும், நேர் வெயிலிலோ பளிச்சென்ற விளக்கடியிலோ செய்ய வேண்டாம். பாடம் தப்பாகப் பதிவதற்குப் பெரும்பாலும் இவைதான் காரணம்.

படகைச் செய்தபோது டெஸ்லா அதற்கு மேலும் யோசித்தார். இந்தப் படகு மனிதனிடம் கடன் வாங்கிய புத்தியில்தான் ஓடுகிறது, தானே முடிவெடுக்கும் இயந்திரமும் ஒருநாள் வரும் என்பது அவர் கணிப்பு. நம்ம லேர்னிங் ரிமோட் இன்னும் அந்தக் கடன் வாங்கிய புத்தியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. சொல்லிக்கொடுத்ததைத் தாண்டி அதற்கு ஒன்றும் தெரியாது. டிவிக்கென்று முதல் ரிமோட் வந்தது 1950-ல், அதுவும் ஒயரோடு. ஒயரே இல்லாமல் படகு ஓட்டியவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அவர் போய் அதற்குள் 7 வருஷம் ஆகியிருந்தது.