கம்ப்யூட்டருக்குப் பாஷை கற்பித்த அட்மிரல்

அமெரிக்கக் கடற்படையில் ரியர் அட்மிரல் அந்தஸ்துடன் 79-ஆம் வயதில் ஓய்வு பெற்றவர் ஒரு பெண்மணி. அவர் போர்க்கப்பல் செலுத்தியவர் அல்ல, கணிதப் பேராசிரியை. கம்ப்யூட்டருக்காக எழுதப்படும் புரோகிராம் எழுதியவருக்கு மட்டும் புரிந்தால் போதாது, நாளை அந்த நாற்காலியில் வந்து உட்காருகிறவருக்கும் புரிய வேண்டும் என்று வாழ்நாள் பூராவும் வாதாடியவர். கிரேஸ் ஹாப்பர் என்பது அவர் பெயர்.

1906 டிசம்பர் 9-ஆம் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். தகப்பனார் இன்ஷூரன்ஸ் தொழில் செய்தவர். ஏழு வயதில் வீட்டு அலாரம் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டுப் பிரித்துப் போட்டாள் சிறுமி. திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள அடுத்த கடிகாரத்தைப் பிரித்தாள். இப்படி ஏழு கடிகாரங்கள் போயின! இனி ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தாயார் கட்டுப்பாடு விதித்தார்.

வாசர் கல்லூரியில் 1928-இல் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக் கழகத்தில் 1934-இல் கணிதத்தில் டாக்டர் பட்டம். இடையே திருமணம்; அது 1945-இல் விவாகரத்தில் முடிந்தது. வாசர் கல்லூரியிலேயே ஆசிரியை உத்தியோகம். நிம்மதியான வாழ்க்கைதான். ஆனால் உலக யுத்தத்தில் அமெரிக்கா இறங்கியதும் கடற்படையில் சேர விரும்பினார். வயது 36 ஆகிவிட்டது. எடையோ தேவையானதைவிடப் 15 பவுண்டு குறைவு. விசேஷ அனுமதி வாங்கிக்கொண்டு 1943 டிசம்பரில் சேர்ந்துவிட்டார். பயிற்சியில் முதலாவதாகத் தேறிய அவரை 1944-இல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்துக்கு அனுப்பினார்கள்.

அங்கே இருந்தது மார்க் ஒன் என்னும் ராட்சத இயந்திரம். நீளம் 51 அடி, உயரம் 8 அடி, எடை ஏறக்குறைய ஐந்து டன். ஒரு பெருக்கல் கணக்குக்கு ஆறு வினாடி எடுத்துக்கொள்ளும். இன்று சட்டைப் பையில் கிடக்கும் டெலிபோன் இதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு வேகம் என்றாலும், அன்றைக்கு அது அதிசயம்தான். அதன் தலைவர் ஹாவர்ட் ஐக்கன் கண்டிப்பானவர். இயந்திரத்தை இயக்குவது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதும்படி ஹாப்பருக்குக் கட்டளையிட்டார். 561 பக்கங்கள் கொண்ட அந்தக் கையேடு 1946-இல் வெளிவந்தது. இயந்திரத்தை நடத்துகிறவர் மாறினாலும் வேலை நிற்கக்கூடாது அல்லவா?

1947 செப்டம்பர் 9-ஆம் தேதி மார்க் டூ இயந்திரத்தின் ரிலேயில் ஓர் அந்துப்பூச்சி சிக்கி வேலை நின்றது. பூச்சியை எடுத்து லாக் புத்தகத்தில் ஒட்டினார்கள். புரோகிராமில் உள்ள பிழையை 'பக்', அதாவது பூச்சி என்று சொல்லும் வழக்கத்தை ஹாப்பரே தொடங்கினார் என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. இயந்திரக் கோளாறுக்கு அந்தச் சொல் எடிசன் காலத்திலேயே உண்டு. பூச்சிக் கதையை ஊரெங்கும் சுவைபடச் சொல்லிப் பரப்பியவர் என்ற பெருமை வேண்டுமானால் ஹாப்பருக்கு உண்டு.

அந்நாளில் புரோகிராம் எழுதுவது என்பது என்ன? வெறும் எண்களை வரிசையாக எழுதுவது. ஒரு கணக்குக்கு எழுதிய பகுதி வேறொரு கணக்குக்கும் தேவைப்பட்டால், சக ஊழியரின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்து நகல் எடுப்பார்கள். நகல் எடுக்கும்போது இயந்திரத்தின் உள் விலாசங்களைக் கூட்டி மாற்றி எழுத வேண்டும். மெத்தப் படித்தவர்களும் இந்தக் கூட்டலில் தவறினார்கள். பார்த்து எழுதுவதிலும் தவறினார்கள். நம் அலுவலகங்களில் இருபது வருஷம் ஒரே செக்‌ஷனில் இருந்த குமாஸ்தா ரிடையர் ஆனபின், அவர் பேரேட்டில் சிவப்பு மையால் போட்டுவைத்த குறிகளுக்கு அர்த்தம் தெரியாமல் புதியவர் திண்டாடுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஹார்வர்டிலும் அதே திண்டாட்டம்தான்.

ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1949-இல் பிலடெல்பியாவில் எக்கர்ட், மாக்லி இருவரும் நடத்திய கம்பெனியில் சேர்ந்தார். யூனிவாக் கம்ப்யூட்டரைத் தயாரித்தவர்கள் இவர்கள். அந்தக் கம்பெனியின் பைனாக் இயந்திரம் எட்டை அடிப்படையாகக் கொண்ட எண்முறையில் இயங்கியது. ஹாப்பரும் அந்த முறையில் கூட்டக் கழிக்கப் பழகினார். விளைவு, மூன்று மாதமாக அவருடைய பாங்கிக் கணக்கு டாலி ஆகவில்லை! பாங்கித் துறையில் இருந்த தம்பி உட்கார்ந்து பார்த்தபோதுதான் சில செக்குகளை அக்காள் எட்டின் முறையில் கழித்திருப்பது தெரிந்தது. மனிதன் இயந்திரத்தின் பாஷையைக் கற்பதைவிட, இயந்திரம் மனிதனின் பாஷையைக் கற்பதே மேல் என்று அவர் முடிவு கட்டியதில் வியப்பில்லை.

1952-இல் 'ஏ-ஜீரோ' என்ற புரோகிராமைச் செய்து முடித்தார். அடிக்கடி தேவைப்படும் பகுதிகளைச் சரிபார்த்து ஒரு காந்த நாடாவில் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். எண்ணைச் சொன்னால் கம்ப்யூட்டரே அந்தப் பகுதியை எடுத்து, விலாசங்களைத் திருத்தி, ஒழுங்காகக் கோத்துத் தந்துவிடும். ஒருமுறை திருத்தமாக எழுதியதை மறுபடி எழுத வேண்டியதில்லை. நகல் பிழைக்கும் இடமில்லை. ஆனால் மேலிடத்தார் நம்பவில்லை. கம்ப்யூட்டர் கணக்குப் போடுமே தவிரப் புரோகிராம் எழுதாது என்று சாதித்தார்கள்.

அடுத்து, சொற்களாலேயே புரோகிராம் எழுதலாம் என்றார். அதற்கும் மறுப்பு. மாதிரி ஒன்றை ஆங்கிலத்தில் செய்து காட்டியவர், கூடவே அதே புரோகிராமைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் செய்து காட்டினார். கம்ப்யூட்டருக்கு எல்லாமே வெறும் குறிகள்தான் என்று புரியவைப்பது அவர் நோக்கம். விபரீதமாகப் போயிற்று. அமெரிக்காவில் செய்த இயந்திரத்துக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படிப் புரியும் என்று அதிகாரிகள் மிரண்டு போனார்கள்! ஆங்கிலம் மட்டும்தான் என்று பல மாதம் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த அதிகாரிகள் அன்று தைரியம் காட்டியிருந்தால் தமிழிலும் எவராவது முயன்றிருக்கலாம்.

இந்த முயற்சி 'ஃப்ளோ-மேட்டிக்' என்ற பாஷையாக வளர்ந்தது. அப்போது ஒவ்வொரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்கும் தனிப் பாஷை. இயந்திரத்தை மாற்றினால் புரோகிராம் அத்தனையும் குப்பைத்தொட்டிக்குத்தான். இதற்கு முடிவு கட்ட 1959 மே மாதம் ராணுவத் தலைமையகமான பென்டகனில் அரசாங்கத்தாரும் கம்பெனிக்காரர்களும் கூடினார்கள். அதிலிருந்து பிறந்ததே கோபால் என்னும் பாஷை. (நம் வீட்டுக் கோபாலனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) அதை வகுத்தது ஒரு குழு. ஹாப்பர் ஆலோசகர், ஆனால் அவருடைய ஃப்ளோ-மேட்டிக்தான் முக்கிய அஸ்திவாரம். மொத்தச் சம்பளத்திலிருந்து பிடித்தத்தைக் கழி, நிகரத்தை இங்கே போடு என்ற தோரணையில் சாதாரண ஆங்கிலத்தில் எழுதலாம். சம்பளப் பட்டியல் போடும் குமாஸ்தாவும் படித்துப் பார்த்துத் தவறு காணலாம். 1960 டிசம்பரில் ஒரே கோபால் புரோகிராம் இரு வெவ்வேறு கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களில் ஓடிக் காட்டியது.

குறை இல்லாமல் இல்லை. வளவள என்று எழுத வேண்டும். புரோகிராம் ஓடும்போதே அதன் பாதையை மாற்றிவிடும் 'ஆல்ட்டர்' என்ற கட்டளை ஒன்று இருந்தது. அதைத் தாராளமாக உபயோகித்த புரோகிராமைப் படித்தால் எது எங்கே போகிறது என்று எழுதியவருக்கே தலை சுற்றும். 1985-ஆம் வருஷத் தரநிர்ணயத்தில்தான் அது விலக்கத்தக்கது என்று குறித்தார்கள். சொற்கள் சுலபமாக இருந்தால் மட்டும் விஷயம் தெளிவாகிவிடாது. டச்சு விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா 1975-இல் கோபாலை மிகக் கடுமையாகத் தாக்கி எழுதினார். ஆனால் பாங்கிகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் அதை விடவில்லை.

1966 முடிவில் வயதைக் காரணம் காட்டிக் கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. ஏழே மாதத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். கடற்படையில் ஒவ்வோர் இடத்திலும் கோபாலை ஒவ்வொரு மாதிரி உபயோகித்துக் குழப்பம் மிகுந்துவிட்டது. ஆறு மாதம் வந்து சீர்படுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. ஆறு மாதம் பத்தொன்பது வருஷம் ஆயிற்று. கம்பெனிகள் விற்கும் கோபால் உண்மையில் தரத்துக்கு உட்பட்டதுதானா என்று சோதிக்கும் புரோகிராம்களை அவருடைய குழுவினர் தயாரித்தார்கள்.

அவரது அறையில் ஒரு கடிகாரம் இடமிருந்து வலமாகச் சுற்றாமல் எதிர்த்திசையில் சுற்றும். மணி சரியாகவே காட்டும். எப்போதும் இப்படித்தான் செய்து வருகிறோம் என்று காரணம் சொல்பவர்களுக்கு அதுதான் அவர் பதில். 1983-இல் கொமடோர், 1985-இல் ரியர் அட்மிரல். 1986 ஆகஸ்டில் பாஸ்டன் துறைமுகத்தில் 'கான்ஸ்டிட்யூஷன்' என்ற பழைய போர்க்கப்பலின் மீது விடையளிப்பு விழா நடந்தது. அதன் பிறகும் வீட்டில் உட்காரவில்லை. ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஆலோசகரானார். 1992 ஜனவரி முதல் தேதி காலமானார். ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயர் தாங்கிய போர்க்கப்பல் 1997-இல் கடற்படையில் சேர்ந்தது.

வருஷத்தை இரண்டு இலக்கத்தில் எழுதிச் சிக்கனம் பிடித்த பழைய புரோகிராம்கள் 2000-ஆம் ஆண்டு நெருங்கியதும் எல்லோரையும் கதிகலங்க வைத்தன. யாரோ எப்போதோ எழுதிய கோபால் வரிகளைப் படித்துத் தேதி வரும் இடங்களைத் தேடித் திருத்தும் வேலை பெருமளவு இந்தியாவுக்கு வந்தது. பெங்களூரிலும் மும்பையிலும் சென்னையிலும் ராப்பகலாக உட்கார்ந்து அதைச் செய்தவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. வெளிநாடு போக வாய்ப்புப் பெற்றவர்களும் உண்டு.

அத்தோடும் கதை முடியவில்லை. 2020 ஏப்ரலில் கொள்ளை நோயால் வேலை இழந்தவர்களின் மனுக்கள் குவிந்து நியூ ஜெர்சி மாநிலத்தின் பழைய கம்ப்யூட்டர்கள் திணறியபோது, கோபால் தெரிந்தவர்கள் முன்வந்து உதவும்படி அந்த மாநில கவர்னர் பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார்.